காரின் வில்லை மாற்றினால் என்ன ஆகும்?

சொகுசும் பாதுகாப்பும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன!

ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஊர் திருச்சி. வீட்டில் ஒரு சிறிய கார் இருக்கிறது. வாங்கி எட்டு வருடம் ஆகிறது.

பேத்திக்குப் பழனியில் மொட்டை போட வேண்டும். பாட்டி, மகன், மருமகள், இரண்டு குழந்தைகள் எல்லோரும் புறப்பட்டார்கள். பெட்டி, பை, தண்ணீர்க் குடம், சாப்பாட்டுத் தூக்கு எல்லாம் பின்னால் ஏறின.

வழியில் வேகத்தடை வந்தது. "டமார்!" என்று சத்தம் கேட்டது. காரின் அடிப்பாகம் தரையில் தட்டியது. அடுத்த வேகத்தடையிலும் அதே சத்தம்.

ஊர் திரும்பியதும் மகன் கடைக்குப் போனான். "அடி தட்டுது. என்ன செய்யலாம்?" என்று கேட்டான்.

"ஸ்பிரிங்குக்கு நடுவில் ரப்பர் வைத்துவிடலாம், தம்பி. வண்டி தூக்கிக்கொள்ளும்" என்றார் கடைக்காரர். விலையும் குறைவுதான். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. காரின் பின்பக்கம் நன்றாக உயர்ந்து நின்றது. மகனுக்கு மகிழ்ச்சி.

ஆனால் மறுநாள் பாட்டியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனபோது புதிய தொல்லை வந்தது. சின்னப் பள்ளத்தில்கூட கார் தூக்கிப் போட்டது.

"ஏன்டா, இடுப்பு ஒடிஞ்சுடும் போல இருக்கே! போன வாரம் இப்படி இல்லையே?" என்றாள் பாட்டி.

பாட்டி சொன்னது சரி. அடி தட்டுவது நின்றது. ஆனால் வேறு ஒன்று கெட்டுப் போயிற்று. அது என்ன?

வில் வண்டியின் கதை

அந்தக் காலத்து மாட்டு வண்டியை நினைத்துப் பாருங்கள். அதில் வில் கிடையாது. சக்கரம் ஒரு கல்லில் ஏறினால் வண்டியும் ஏறும். வண்டியில் இருப்பவரின் முதுகெலும்பும் அதை உணரும். அதனால்தான் வண்டியில் வைக்கோலைப் பரப்பி, அதன் மேல் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்தார்கள்.

வசதி உள்ள வீடுகளில் "வில் வண்டி" இருந்தது. சக்கரத்துக்கும் கூண்டுக்கும் நடுவில் வளைந்த இரும்புப் பட்டைகளை வைத்திருப்பார்கள். கல்லில் சக்கரம் ஏறும்போது பட்டை வளைந்து கொடுக்கும். மேலே இருப்பவருக்கு அதிர்ச்சி குறையும்.

இன்றைய காரிலும் அதே தத்துவம்தான். பட்டைக்குப் பதிலாகப் பெரும்பாலான கார்களில் சுருள் ஸ்பிரிங் இருக்கிறது. லாரிகளில் இன்றும் பட்டை வில் உண்டு. 2014-ம் ஆண்டு மே மாதம் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடர் காரிலும் பின்பக்கம் பட்டை வில்தான்.

ஷாக் அப்சார்பர் எதற்கு?

வில் மட்டும் இருந்தால் போதாது. ஒரு ஸ்பிரிங்கை அமுக்கி விடுங்கள். அது மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். காரும் அப்படி ஆடினால் உள்ளே இருப்பவர்களுக்குக் குமட்டல் வரும்.

இந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக் அப்சார்பரின் வேலை. அது ஒரு குழாய். உள்ளே எண்ணெய் இருக்கிறது. எண்ணெய்க்குள் ஒரு பிஸ்டன் மேலும் கீழும் போகிறது. பிஸ்டனில் சிறிய துளைகள் உண்டு. அந்தத் துளைகள் வழியே எண்ணெய் சிரமப்பட்டு நுழைந்து போகும். அப்போது ஆட்டத்தின் சக்தி வெப்பமாக மாறிவிடும். நீண்ட மேடுபள்ள ரோட்டில் ஓடிய பிறகு ஷாக் அப்சார்பர் சுடுவதற்கு இதுவே காரணம்.

ஆக, வேலை இரண்டு. அடியை வாங்குவது ஸ்பிரிங். ஆட்டத்தை நிறுத்துவது ஷாக் அப்சார்பர். இரண்டும் கணவன் மனைவி போல. ஒன்றுக்கொன்று பொருத்தமாக இருந்தால்தான் குடித்தனம் நடக்கும்.

முன்சக்கரத்தில் இந்த இரண்டையும் ஒரே தூணாகச் சேர்த்து அமைத்தவர் மெக்பெர்சன் என்ற அமெரிக்க எஞ்சினீயர். இங்கிலாந்தில் 1950-ல் வந்த போர்டு கன்சல் காரில் இந்த முறை வந்தது. இன்று நம் ரோடுகளில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவை முன்பக்கம் இந்த முறையில் அமைந்தவைதான்.

முட்டைக் கூடையும் காரும்

பிரான்சு நாட்டு சிட்ரோன் கம்பெனி விவசாயிகளுக்காக ஒரு மலிவுக் கார் செய்தது. உழுத வயலில் ஒரு கூடை முட்டையோடு ஓட்டிப் போனாலும் ஒரு முட்டைகூட உடையக்கூடாது என்பது எஞ்சினீயர்களுக்கு இடப்பட்ட கட்டளை. 1948-ல் அந்தக் கார் வெளிவந்தது. அதன் பெயர் 2 சி.வி.

அந்தக் காரின் ஸ்பிரிங் மிகவும் மென்மையானது. வயலில் சுகமாகப் போகும். ஆனால் வளைவில் திரும்பும்போது படகு போலச் சாயும்!

பந்தயக் கார் இதற்கு நேர் எதிர். அதன் ஸ்பிரிங் மிகவும் கடினம். வளைவில் சாயாது. ஆனால் அதில் பாட்டியை உட்கார வைக்க முடியாது.

குடும்பக் கார் செய்பவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் இடத்தைத் தேடுகிறார்கள். காரின் எடை, ஆட்களின் எடை, டயர், ரோடு எல்லாவற்றையும் கணக்கிட்டு, ஓட்டிப் பார்த்து, ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் பொருத்துகிறார்கள்.

சாதாரணக் காரின் உடல், ஸ்பிரிங்கின் மேல் வினாடிக்கு ஒன்று முதல் ஒன்றரைத் தடவை வரை ஆடும்படி அமைக்கப்படுகிறது. இது மனித உடம்புக்கு ஒத்துப்போகும் ஆட்டம். வினாடிக்கு 4 முதல் 8 தடவை வரை வரும் மேலும் கீழுமான குலுக்கலைத்தான் மனித உடம்பு அதிகமாக உணர்கிறது. ஸ்பிரிங் கடினமாகக் கடினமாக, அந்தக் குலுக்கல் உள்ளே அதிகம் வரும். முதுகுவலிக்காரர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது வேதனை.

ரப்பர் வைத்ததும் நடந்தது

இப்போது திருச்சிக் காருக்குத் திரும்புவோம்.

சுருள் ஸ்பிரிங்கில் எத்தனை சுற்று வேலை செய்கிறதோ, அதைப் பொறுத்துத்தான் அதன் மென்மை இருக்கிறது. சுற்று குறைந்தால் ஸ்பிரிங் கடினமாகும். நடுவில் ரப்பரைச் செருகினால் அந்தச் சுற்று அசைய முடியாது. ஆறு சுற்று வேலை செய்த ஸ்பிரிங்கில் ஐந்து சுற்றுதான் வேலை செய்யும். அப்போது ஸ்பிரிங் 20 சதவீதம் கடினமாகிவிடும்.

ஐந்து பேரும் மூட்டைகளும் ஏறினால் இந்தக் கடினம் உதவியாகத் தெரியும். ஆனால் வருடத்தில் எத்தனை நாள் அப்படிப் போகிறோம்? மற்ற நாட்களில் ஒருவரோ இருவரோதான் போகிறார்கள். எடை குறைந்த காருக்குக் கடினமான ஸ்பிரிங். பள்ளம் வந்தால் அது வளைந்து கொடுக்காது. காரையே தூக்கிப் போடும்.

இன்னொரு கேடும் உண்டு. பழைய ஷாக் அப்சார்பர் பழைய ஸ்பிரிங்குக்காகச் செய்யப்பட்டது. கடினமான ஸ்பிரிங் அதிக வேகத்தோடு துள்ளும். அதை அடக்கப் பழைய ஷாக் அப்சார்பருக்கு வலு போதாது. கார் அடியும் வாங்கும், ஆட்டமும் நிற்காது.

சொகுசு போனால் பரவாயில்லையா?

"கொஞ்சம் குலுங்கினால் என்ன? பொறுத்துக்கொள்ளலாம்" என்று சிலர் சொல்வார்கள். அது தவறு.

கார் ரோட்டைத் தொடுவது நான்கே இடங்களில். ஒவ்வொரு டயரும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான் ரோட்டில் பதிகிறது. பிரேக் பிடிப்பதும், ஸ்டீரிங் திருப்புவதும் அந்த நான்கு உள்ளங்கைகளை நம்பித்தான்.

டயர் துள்ளி மேலே எழும்பினால் அந்த நேரத்தில் பிடிப்பு இல்லை. பிரேக்கை எவ்வளவு அழுத்தினாலும் பயன் இல்லை. ஸ்டீரிங்கைத் திருப்பினாலும் வண்டி கேட்காது. மழை நாளில், வளைவில், எதிரே ஒரு குழந்தை ஓடிவந்தால் என்ன ஆகும்?

ஆகவே ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சுகத்துக்கு மட்டும் அல்ல. டயரை ரோட்டோடு பிடித்து வைப்பதே அவற்றின் முதல் வேலை.

உயர்த்துவதில் உள்ள ஆபத்து

சிலர் ஸ்பிரிங்கின் தலையில் ஓர் இரும்புக் கட்டையை வைத்துக் காரை உயர்த்துகிறார்கள். "தண்ணீரில் போகலாம், பள்ளத்தில் இறங்கலாம்" என்று நினைக்கிறார்கள்.

நிறைகுடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடிப் பாருங்கள். அதே குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடிப் பாருங்கள். எது தள்ளாடும்? எடை மேலே போகப்போகத் தள்ளாட்டம் கூடும்.

காரின் எடை மையம் தரையிலிருந்து 55 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காரை 5 சென்டிமீட்டர் உயர்த்தினால், வளைவில் உள்பக்கச் சக்கரத்திலிருந்து வெளிப்பக்கச் சக்கரத்துக்குப் போகும் எடை சுமார் 9 சதவீதம் கூடும். வண்டி அதிகமாகச் சாயும். சக்கரங்களின் கோணம் மாறும். டயர் ஒரு பக்கமாகத் தேயும். முன்சக்கரங்களை ஓட்டும் தண்டும் சாய்ந்து நின்று சுழலும். அதன் மூட்டுகள் சீக்கிரம் தேயும். முன்விளக்கின் வெளிச்சமும் மேலே ஏறி, எதிரே வருபவர் கண்ணைக் கூச வைக்கும்.

இறக்குவது மட்டும் நல்லதா?

இளைஞர்கள் சிலர் காரைத் தரையோடு தரையாக இறக்க விரும்புகிறார்கள். பந்தயக் கார் போலத் தெரியும் அல்லவா?

எடை கீழே போவதால் வளைவில் சாய்வு குறையும். அது உண்மைதான். ஆனால் ஸ்பிரிங் அமுங்குவதற்கு இடமும் குறைந்துவிடும். பெரிய பள்ளத்தில் விழுந்தால் ஸ்பிரிங் முழுவதும் அமுங்கி, "தட்" என்று முட்டும். அந்த அடி நேராகக் காரின் உடலுக்குப் போகும். நம் ஊர் வேகத்தடைகள் எல்லாம் ஒரே அளவில் இருப்பதும் இல்லை.

இதற்கென்று கணக்குப் பார்த்துச் செய்த ஸ்பிரிங்கையும், அதற்குப் பொருந்தும் ஷாக் அப்சார்பரையும் ஒரே ஜோடியாகப் போட்டால் ஓரளவு நன்றாக இருக்கும். செலவு அதிகம்.

அந்தச் செலவை மிச்சப்படுத்தச் சிலர் ஸ்பிரிங்கை அறுத்து விடுகிறார்கள். இது மிகப் பெரிய தவறு. கேஸ் வைத்து அறுத்தால் அந்தச் சூட்டில் இரும்பின் பதம் போய்விடும். ஓடும்போது ஒடியலாம். அறுத்த முனை தன் இருப்பிடத்தில் சரியாக உட்காராது. சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது ஸ்பிரிங் கழன்று விலகலாம்.

கம்பி ஒரு மில்லிமீட்டர்!

கடையில் கிடைக்கும் ஸ்பிரிங்குகள் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். ஆனால் கம்பியின் தடிமனில் ஒரு மில்லிமீட்டர் மாறினால் எவ்வளவு வித்தியாசம் தெரியுமா?

12 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதிலாக 13 மில்லிமீட்டர் கம்பி. மற்றதெல்லாம் அதே அளவு. அந்த ஸ்பிரிங் சுமார் 38 சதவீதம் அதிகக் கடினமாக இருக்கும்! கண்ணால் பார்த்து வாங்கக்கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

காரின் இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் கம்பிக்கும் இதே கதைதான். அது வளைவில் கார் சாய்வதைத் தடுக்கும். தடித்த கம்பி போட்டால் சாய்வு குறையும். ஆனால் ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் விழுந்தால் அந்தக் குலுக்கல் மறு சக்கரத்துக்கும் போகும்.

அதைவிட முக்கியம் ஒன்று உண்டு. முன்பக்கம் மட்டும் கம்பியைத் தடிப்பாக்கினால், வேகமாகத் திரும்பும்போது முன்சக்கரம் முதலில் வழுக்கும். வண்டி திரும்ப மறுக்கும். பின்பக்கம் மட்டும் தடிப்பாக்கினால் பின்சக்கரம் முதலில் வழுக்கும். வண்டி பம்பரம் போலச் சுழன்றுவிடும். ஸ்பிரிங்குக்கும் இதே விதிதான். திருச்சிக் காரில் பின்பக்கம் மட்டும் ரப்பர் வைத்தார்கள் அல்லவா? வளைவில் அந்தக் காரின் குணமே மாறிவிட்டது. ஓட்டுகிறவருக்கு அது தெரியாது. அவசரத்தில் திருப்பும்போதுதான் தெரியும்.

ரப்பர் புஷ்ஷும் பெரிய சக்கரமும்

மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ்ஷை எடுத்துவிட்டு, பாலியூரித்தேன் என்ற கடினமான பொருளில் செய்த புஷ்ஷைச் சிலர் போடுகிறார்கள். ஸ்டீரிங் திருப்பியதும் வண்டி உடனே கேட்கும். ஆனால் ரோட்டின் இரைச்சலும் அதிர்வும் உள்ளே வரும். சரியாகக் கிரீஸ் போடாவிட்டால் கிறீச்சென்று கத்தும்.

பெரிய அலாய் சக்கரம் போட்டு, உயரம் குறைந்த டயர் போடுவதும் இப்போது வழக்கம். டயரின் பக்கச்சுவரும் ஒரு வில்தான். அதைக் குறைத்தால் குலுக்கல் கூடும். பள்ளத்தில் விழுந்தால் சக்கரத்தின் விளிம்பு நெளியும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டத்தின்படி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் விதிக்கலாம். அல்லது ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை கொடுக்கலாம். அல்லது இரண்டும் விதிக்கலாம்.

தேய்ந்த பாகத்தை எடுத்துவிட்டு அதே அளவுள்ள புதுப் பாகத்தைப் போடுவது வேறு. வண்டியின் அமைப்பையே மாற்றுவது வேறு. மாற்ற நினைப்பவர்கள் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரிப்பது நல்லது. காருக்கு வாரண்டி இருந்தால் கம்பெனியையும் கேட்க வேண்டும்.

வீட்டிலேயே பார்க்கலாம்

கார் குலுங்கினால் உடனே புதிய பாகம் வாங்க ஓடாதீர்கள். முதலில் இவற்றைப் பாருங்கள்:

டயரில் காற்று அதிகமாக இருக்கிறதா? அதிகக் காற்றும் குலுக்கலைத் தரும். எவ்வளவு காற்று என்பது பெரும்பாலான கார்களில் டிரைவர் பக்கக் கதவின் ஓரத்தில் எழுதி ஒட்டப்பட்டிருக்கும். செலவே இல்லாத வைத்தியம் இது.

காரின் ஒரு மூலையைக் கையால் நன்றாக அமுக்கி விடுங்கள். கார் மேலே வந்து உடனே நின்றுவிட வேண்டும். மேலும் இரண்டு மூன்று தடவை ஆடினால் ஷாக் அப்சார்பர் தேய்ந்துவிட்டது.

ஷாக் அப்சார்பரின் மேல் எண்ணெய் வழிந்திருக்கிறதா? டயர் திட்டுத் திட்டாகத் தேய்ந்திருக்கிறதா? பிரேக் பிடித்தால் காரின் மூக்கு அதிகமாகக் கீழே குனிகிறதா? இவையும் அதே நோயின் அறிகுறிகள்.

புதிதாக மாற்றும்போது இடது, வலது இரண்டையும் ஜோடியாக மாற்ற வேண்டும். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். மாற்றிய பின் வீல் அலைன்மெண்ட் பார்க்க வேண்டும். பாக எண்ணைச் சரிபார்த்து, பில் கேட்டு வாங்க வேண்டும். போலிச் சரக்கு நிறைய நடமாடுகிறது.

இன்னொரு எச்சரிக்கை. முன்பக்கத் தூணிலிருந்து ஸ்பிரிங்கைக் கழற்றும் வேலையை வீட்டில் செய்யாதீர்கள். அமுங்கிய ஸ்பிரிங்குக்குள் பெரிய சக்தி அடங்கியிருக்கிறது. அதற்கென்று உள்ள கருவி இல்லாமல் நட்டைக் கழற்றினால் ஸ்பிரிங் தெறித்து ஆளையே கொன்றுவிடும்.

பாட்டி தூங்கினாள்

திருச்சிக் கார் என்ன ஆயிற்று?

பாட்டியின் புலம்பலைக் கேட்டு மகன் நல்ல மெக்கானிக் ஒருவரிடம் போனான். அவர் காரின் மூலையை அமுக்கிப் பார்த்தார். கார் மூன்று தடவை ஆடியது.

"தம்பி, எட்டு வருஷம் ஓடிய வண்டி. ஷாக் அப்சார்பர் போய்விட்டது. பின் ஸ்பிரிங்கும் தளர்ந்து இறங்கிவிட்டது. அதனால்தான் அடி தட்டியது. வியாதி அங்கே இருக்க, நீங்கள் ரப்பருக்குப் பணம் கொடுத்திருக்கிறீர்கள்" என்றார்.

ரப்பரை எடுத்தார்கள். கம்பெனி சொன்ன அளவிலேயே புது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஜோடியாகப் போட்டார்கள். ரப்பரைவிடச் செலவு பல மடங்கு. மகன் இரண்டு மாதம் சிக்கனமாக இருக்க வேண்டியிருந்தது.

அடுத்த தடவை பழனிக்குப் போனபோது மூட்டையையும் குறைத்துக்கொண்டார்கள். வேகத்தடைகளில் மெதுவாக ஏறி இறங்கினார்கள். அடி தட்டவில்லை.

திண்டுக்கல் தாண்டியது. ஒட்டன்சத்திரம் தாண்டியது. பின்சீட்டில் பேத்தி ஏதோ கேட்டாள். பதில் வரவில்லை.

பாட்டி நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்!